ஆரஞ்சு நிறத்தில் ஒரு காலம்

பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு எட்டி மெர்க்ஸ் என்ற சைக்கிள் வீரரின் பெயர். அங்கே கண்ணாடிக்குள் ஓர் ஆரஞ்சு நிறச் சைக்கிள் நிற்கிறது. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில், அதில் அவர் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்தச் சைக்கிளைச் செய்து தந்தவர் இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ.

மெர்க்ஸ் இடம்பெற்றிருந்த மோல்டேனி அணியின் நிறம் ஆரஞ்சு. அதனால்தான் அந்த நிறத்துப் பழைய பந்தய சைக்கிள்கள் மேல் ஆர்வலர்களுக்கு இன்றும் அவ்வளவு பிரியம். பரணில் கிடந்த வண்டியைத் தேடி வாங்கி முழு ஓவராயில் செய்கிறார்கள். இரும்புப் பிரேமுக்குள் அலுமினிய சீட் கம்பி இறுகிப் போயிருக்கும். எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைத்துப் பொறுமையாக எடுப்பார்கள். பால்ரஸ் மாற்றி, புது கிரீஸ் வைப்பார்கள். பெயின்ட்டில் மட்டும் அவசரப்பட மாட்டார்கள். பழைய நிறத்தைச் சுரண்டிவிட்டால் அது திரும்ப வராது.

இத்தாலியின் கயோலே ஊரில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா விழாவில், இப்படிப்பட்ட பழைய சைக்கிள்கள் வெள்ளை மண் சாலைகளில் ஓடுகின்றன.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் பழைய சைக்கிள் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நல்ல இரும்பு இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும்.