தரைமேல் ஓடும் மின்சாரம்



மின்சாரக் கம்பியைக் கம்பம் நட்டு உயரே இழுக்கலாம். பூமியைத் தோண்டிப் புதைக்கலாம். இவ்விரண்டையும் நாம் அறிவோம். மூன்றாவது வழி ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சோதனைக்கு வந்திருக்கிறது. தரைமேலேயே கிடத்திவிடுவது!

திடுக்கிடுகிறீர்கள். அறுந்து வயலில் கிடந்த கம்பியை மிதித்து மாண்டவர்களை நாம் கண்டிருக்கிறோம், திடுக்கிடுவது நியாயமே. ஆனால் இது வெறுங் கம்பியல்ல, உறையிட்ட கேபிள். அதைக் குழாய்க்குள் செலுத்தி, குழாயைத் தரைமீது கிடத்தி, கான்கிரீட் போன்ற கெட்டிப் பொருளால் மூடுகிறார்கள். ரயில் பாதை ஓரத்தில் கான்கிரீட் தொட்டிகளுக்குள் சிக்னல் கேபிள் ஓடுகிறதல்லவா? யோசனை அதே ரகந்தான்.

இந்த யோசனை ஏன் பிறந்தது? காடு எரிந்தது, ஊர் எரிந்தது, அதனால் பிறந்தது.

2018 நவம்பர் 8 அன்று பசிபிக் காஸ் அண்டு எலெக்ட்ரிக் என்ற கம்பெனியின் உயரழுத்தக் கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன இரும்புக் கொக்கி அறுந்தது. கொக்கிக்குச் சுமார் நூறு வயது. 1919-ல் அதன் விலை 56 சென்ட். கம்பி விழுந்தது, பொறி பறந்தது, பாரடைஸ் என்ற ஊர் சாம்பலாயிற்று. 85 பேர் மாண்டார்கள். 2020-ல் கம்பெனி கோர்ட்டில் நின்று 84 மரணங்களுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டனை? சுமார் 35 லட்சம் டாலர் அபராதம். நிர்வாகிகளில் ஒருவரும் சிறை செல்லவில்லை. ஒரு மூட்டை அரிசி திருடினவனை எந்த நாட்டுக் கோர்ட் இப்படி விட்டிருக்கும்?

2021 ஜூலை 13 அன்று மீண்டும் விபத்து. இம்முறை சாதாரண விநியோகக் கம்பிமீது மரம் சாய்ந்தது. காலையிலேயே பழுது தெரிந்தது. பழுது பார்க்கும் தொழிலாளி அங்கே போய்ச் சேர்ந்தது மாலையில். சுமார் 9 லட்சத்து 63 ஆயிரம் ஏக்கர் எரிந்தது. அதே மாதத்தில் கம்பெனி, 10,000 மைல் கம்பியைப் புதைக்கப் போவதாக அறிவித்தது.

புதைப்பது நல்லதுதான், காற்றும் மரமும் அண்டாது. ஆனால் மலைப் பாறையை உடைத்துப் பள்ளம் தோண்ட ஒரு மைலுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது என்பது கம்பெனியின் கணக்கு. இந்தப் பணம் யாருடையது? 2023 நவம்பரில் அந்த மாநிலத்தின் ஒழுங்குமுறைக் கமிஷன் சுமார் 1,230 மைல் புதைக்க அனுமதித்தது, கூடவே கட்டணமும் ஏறியது. இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. அங்கே கம்பெனி போடும் மூலதனத்திற்கு லாபம் சேர்த்து வசூலிக்கச் சட்டமே இடம் தருகிறது. மரம் வெட்டவும், கொக்கியை மாற்றவும் ஆள் வைத்தால் செலவு மட்டுந்தான் திரும்பும், லாபம் கிடையாது. கொக்கி நூறு வருஷம் தொங்கிய காரணம் இப்போது விளங்குகிறதா?

தரைமேல் கிடத்தினால் ஆழத் தோண்டும் வேலை இல்லை, பாறை உடைப்பு இல்லை, மர வேர்கள் தப்பும், பழுதை எட்டிப் பார்க்கலாம். ஆகவே மலிவு. ஆனால் விநியோகக் கம்பிக்குத்தான் இது பொருந்தும். கோபுரத்தில் ஓடும் உயரழுத்தக் கம்பிக்கல்ல. பாரடைஸை எரித்த கொக்கிக்கு இது மருந்தாகாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூடி உடைந்தால், மண்வெட்டும் யந்திரம் மோதினால், எலி புகுந்தால் ஆபத்து கால்மட்டத்தில் இருக்கும். நீண்ட மேடு மழைநீரின் வழியை மறிக்கும், ஆடுமாடு கடக்கத் தடையாகும். வெயிலில் மூடி சூடேறினால் கேபிள் சுமக்கும் மின்சாரத்தைக் குறைக்க நேரிடும். பாதையை நடந்து பார்க்கும் தொழிலாளி இல்லாவிட்டால் இந்த மலிவு வெறும் காகித மலிவே. மலிவில் மிச்சமாகும் பணம் கட்டணத்தைக் குறைக்குமா, பங்குதாரர் பைக்குப் போகுமா என்பதைக் கலிபோர்னியா மக்கள் கேட்டே ஆக வேண்டும்.

நம் வயல்களுக்கு இதைக் கொண்டுவரலாமா என்று தோழர்கள் கேட்பீர்கள். நஞ்சையில் ஏரும் டிராக்டரும் ஓடுகின்றன, மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. அங்கே வேண்டாம் என்றே சொல்வோம். கல் நிறைந்த, ஆள் நடமாட்டம் குறைந்த மலைச்சரிவுக்காக யோசித்த முறை இது.