இரண்டு கூலி, ஒரு வீடு



1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வானம் பார்த்த பூமியான விருதுநகர் வட்டாரத்துக்கு அந்தத் தொழிலும், பின்னால் வளர்ந்த பட்டாசும்தான் சோறு போட்டன. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வேலைக்குப் போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம்.

காலையில் கம்பெனி வண்டி ஊருக்குள் வரும்போது இருவரும் ஏறுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வந்திருப்பவள் மனைவி. சாயங்காலமும் அடுப்படி அவளுக்குத்தான். உதவ மனமுள்ள கணவன்மார் இல்லாமல் இல்லை. குடத்தைத் தூக்கித் தெருவில் நடந்தால் 'பொண்டாட்டிதாசன்' என்பார்களே என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது.

சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கமும் இங்கே உண்டு. மாமியாரே அத்தையாக இருந்தால், ராத்திரிச் சண்டையை விடிந்ததும் தீர்த்துவைக்க ஆள் இருக்கிறது. அது பெரிய பலம். அதே உறவு, "நம்ம பயதானே, பொறுத்துப் போத்தா" என்று பெண்ணின் வாயை அடைத்தும் விடுகிறது. இரண்டையும் நாம் பார்க்க வேண்டும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை விதித்தது. சரம் பின்னியே பிழைத்த பெண்களின் வருமானத்தில் அது அடியாக விழுந்தது. வேலை குறையும் நாட்களில் முன்பணமும் குழுக் கடனும்தான் கைகொடுக்கின்றன. அப்போது ஒருவர் வாங்கிய கடனை மற்றவரிடம் மறைப்பதுபோல் மனதைப் பிரிப்பது வேறில்லை. தொகை சிறியதாக இருக்கலாம். 'என்னிடம் சொல்லவில்லையே' என்பதுதான் ஆறாமல் நிற்கிறது.

இது ஆபத்தான தொழில். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிமருந்தைத் தொடுகிற கைக்குக் கலங்காத மனம் வேண்டும். பாதுகாப்பு விதிகளைக் காப்பது ஆலையின் கடமை. ஒருவரோடொருவர் பேசாமல் முறைத்துக்கொண்டு வண்டி ஏறாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

கணவன்மார்களே, குடத்தைத் தெரு பார்க்கவே தூக்குங்கள். முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பெரியவர்களே, சமாதானம் பேசும்போது மருமகள் சொல்வதையும் முழுசாகக் கேளுங்கள். சேர்ந்து உழைக்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுத்தால்தான் அது குடும்பம்.