எல்.எல்.ஆர் கையில் இருக்கு, பக்கத்து சீட்டில் யார்?

லீவு வந்தாச்சு, வீட்டுக்கு ஒருத்தர் எல்.எல்.ஆர் போட்டுட்டு கார் கத்துக்க ஆரம்பிச்சிருப்பாங்க. கத்துக்கிறவங்களைவிட அவங்க பக்கத்து சீட்டில் உட்காருறவங்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் பக்கா லைசென்ஸுக்கு டெஸ்ட் கொடுக்க முடியும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பலர் படிக்காமல் விடுவது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 3-ஆவது விதி. அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கூடவே இருக்கணும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கணும் என்கிறது அது. அப்படின்னா பின் சீட்டில் சாய்ந்துகொண்டு "மெதுவா போப்பா" என்று சொல்லும் சித்தப்பா கணக்கில் வரமாட்டார். முன் சீட்டில் இருந்தாலும் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நம்ம வீட்டுக் காரில் அது கிடையாது. அவசரத்துக்கு அப்பா கைக்கு எட்டுவது நடுவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். புது மாடல்கள் சிலதில் அதுவும் ஒரு பட்டனாகிவிட்டது. அந்தப் பட்டனைப் பிடித்து இழுத்தால் ஓடும்போது வண்டி என்ன செய்யும் என்பதை மேனுவலில் பார்த்துவிட்டு, முதல் சில நாள் காலி மைதானத்திலேயே ஓட்டவிடுங்க. நேரா பைபாஸுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.

முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு கட்டாயம். வெள்ளை அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது, சிவப்பு எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணும். சிலர் வெட்கப்பட்டு கண்ணாடி மூலையில் சின்னதா ஒட்டுறாங்க. பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு அது தெரியவா போகுது? பைக் கத்துக்கிறவங்க பின்னாடி நண்பனை ஏத்தக்கூடாது. சொல்லிக்கொடுப்பவர் மட்டும் உட்காரலாம்.

இப்போ பண விஷயம். எல்.எல்.ஆரும் லைசென்ஸ்தான், அதைக் காட்டி மூன்றாம் நபருக்கான இழப்பீட்டிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி நழுவ முடியாது என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவருக்கு அது ஆறுதல். ஆனா உங்க பாலிசியை எடுத்துப் பாருங்க. எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் 3-ஆவது விதிப்படி ஓட்டியிருக்கணும் என்ற வரி வழக்கமா இருக்கும். தனியா ஓட்டிட்டுப் போய் இடிச்சா, உங்க காரின் ரிப்பேர் செலவு கேட்கும்போது அந்த வரி உங்க முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று. 16 வயதில் கிடைக்கும் எல்.எல்.ஆர் 50 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான். தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அதைப் பிள்ளை கையில் கொடுத்து ஏதாவது நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும். வண்டிப் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து.

அடுத்த எபிசோடில் 8 போடுறது, 'எச்' போடுறது பற்றிப் பேசலாம். கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.