காலைக் காக்கவும் காப்பீடு வேண்டும்



கூடங்குளம் வட்டாரத்தில் உடைமுள் குத்தாத கால் அபூர்வம். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது. இடிந்தகரைக் கடல்மணல் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பார். புண் ஆழமாகி எலும்பைத் தொட்டபின், விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்கிறது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு.

2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து மீட்ட திட்டம் இது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். காலை எடுக்கும் அறுவைக்குப் பணம் உண்டு. அந்த நிலை வராமல் தடுக்கும் செருப்புக்கும், வாரக்கணக்கில் வெளியே கட்டு மாற்றும் செலவுக்கும் நோயாளிதான் கையைவிட்டுக் கொடுக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அது சின்னச் செலவல்ல. பெரிய மருத்துவமனைக்கென்று திருநெல்வேலி போவதானால் 70 கிலோமீட்டருக்கு மேல். அன்றைய கூலியும் போச்சு.

காலை எடுக்கும் நிலை வராமல் தடுக்கும் வழி நம் மாநிலத்திலேயே பிறந்தது. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம், உணர்விழந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று விளக்கினார். அந்த அழுத்தத்தைப் பரவலாக்கும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பைத் தொழுநோயாளிகளுக்கு அரசு இலவசமாகவே தருகிறது. மரத்துப்போன பாதத்துக்கு எந்த நோயானால் என்ன?

'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பாதத்தைச் சோதிக்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டாலே உணர்வு குறைந்ததைக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்த பிறகு ஆகும் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டும்: பாதச் செருப்பு, புண் கட்டு, காலாணி சீவுதல், கணுக்கால் எலும்பு குலைந்தால் போடும் மாவுக்கட்டு.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து, பாத சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் திட்டம். கேட்க நமக்கு உரிமை உண்டு.