முதல் வரி பிறக்கும் வழி

(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



“எழுத உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை, ஐயா” என்று நம் இளைஞர் பலர் என்னிடம் கூறுவதுண்டு. நாளெல்லாம் நாவாரப் பேசுகிறவர்கள் வெள்ளைத் தாளைக் கண்டதும் வாயடைத்துப் போகின்றனர். இஃது அறிவின் குறை அன்று. பல வேளைகளில் கேட்கப்படும் கேள்வியின் குறையே ஆகும். இதனை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

பல ஆண்டுகளுக்கு முன், தேர்வில் ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். நன்றாகப் படிக்கும் நம் சேரிப் பிள்ளை ஒருவன் அப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். காரணம் வினவினேன். “தேர் எங்கள் தெருவுக்கு வராது, ஐயா. நான் எதை எழுதுவேன்?” என்றான். ஆண்டுதோறும் அதே தலைப்பைக் கொடுத்துவந்த நான் தலைகுனிந்தேன். பிறகு, “தேர் வராத தெருவில் அன்று மாலை யார் யார் என்ன செய்தனர்? அதை எழுதி வா” என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் கொணர்ந்தான். தொலைவில் ஒலித்த மேளமும், வாசலில் நின்றபடியே கைகூப்பிய பாட்டியும், தம்பி குரும்பையில் செய்து இழுத்த சிறு தேரும் அதில் இருந்தன. அவனிடம் சொல் இல்லாமல் இல்லை. அவன் வாழ்வுக்குரிய வினாதான் அதுவரை கேட்கப்படவில்லை.

நம் புலவர் மரபிலும் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வதுண்டு. சிறு பிடி கிடைத்தால் கவி பிறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அண்ணல் அம்பேத்கரைப் பாருங்கள். தீண்டாமையின் கொடுமையை உணராத அயல்நாட்டாருக்கு அதனை எவ்வாறு உணர்த்துவது என்று அவர் சிந்தித்தார். பொதுவாக விளக்குவதைவிட நடந்த நிகழ்ச்சிகளை உரைப்பதே பயன் தரும் என்று தெளிந்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் அக்குறிப்புகளில், 1901-ஆம் ஆண்டு தந்தையைக் காணச் சிறுவர்களாய்ச் சென்ற பயணத்தை எழுதினார். வண்டியில் உணவு இருந்தது, குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லை, பசியோடு உறங்கினர். அவர் 1945-இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் இக்குறிப்புகளை 1990-இல் நூலாக வெளியிட்டது. நூறு வாதங்கள் செய்யாததை ஒரு குடம் தண்ணீர் செய்துவிடுகிறது.

இளைஞர்களே! எழுத்து வராதபோது ‘என் சமுதாயம்’ என்று பெருந்தலைப்பு இட்டுத் திகைக்காதீர்கள். சிறு வினா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் முதன்முதல் கையெழுத்திட்டவர் யார்? அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் யார்? உங்கள் அன்னை எந்தக் கிணற்றில் நீர் முகந்தார்? பத்து நிமிடம் அடித்தல் திருத்தல் இன்றி, தங்கையிடம் சொல்வதுபோல் எழுதுங்கள். பிழை திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனு எழுதுவதற்கும் தேர்வு எழுதுவதற்கும் இதுவே பயிற்சி.

நம் தளவானூர்க் குன்றில், ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் உள்ளது. எடுப்பித்த மன்னனின் புகழை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. உளி பிடித்த கைகளின் பெயரை அது கூறவில்லை. நம் பாட்டன்மாரின் வரலாறும் அவ்வாறு பெயரின்றிப் போதல் தகாது. கல்லும் உளியும் வேண்டுவதில்லை. இன்று நம் பிள்ளைகள் கையில் தாளும் எழுதுகோலும் உள்ளன.

இன்றிரவே வீட்டு முதியவரிடம் ஒரு வினாவைக் கேளுங்கள். அவர் கூறும் விடையே உங்கள் முதல் வரி.