உறைமேல் ஏறாத தமிழ்



சிற்றூர்த் தாய் ஒருத்தி கடையில் மிளகாய்த்தூள் பொதி ஒன்றை வாங்குகின்றாள். அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றாள். என்று அரைத்தது, எந்நாள்வரை உண்ணத் தக்கது, உள்ளே என்னென்ன கலந்துள்ளன என்பனவெல்லாம் அதன்மேல் அச்சிடப் பெற்றுள்ளன. ஆயினும் அவள் அறிந்த மொழியில் ஒரு சொல்லும் இல்லை. அவள் எழுத்தறியாதவள் அல்லள். தமிழைத் தடையின்றிப் படிப்பவள். எழுத்தறிந்தவளையே எழுத்தறியாதவளாக்கி நிறுத்தியது எது? அதனை ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ், 2011இல் பொதிப்பொருள் விதிகள் வகுக்கப்பெற்றன. ஆக்கியவர் அல்லது பொதிந்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், உறை நீக்கிய எடை, ஆக்கிய திங்களும் ஆண்டும், வரியனைத்தும் அடங்கிய உச்ச விலை, குறை கூறுதற்குரிய முகவரி ஆகியவை உறைமேல் விளங்கத் தோன்றுதல் வேண்டும் என்பது அவ்விதி. வாங்குவோர் ஏமாறாமைப் பொருட்டு எழுந்த நல்ல விதியே அது. அதில் எவர்க்கும் மாறுபாடில்லை.

ஆனால், அக்குறிப்புகள் எம்மொழியில் இருத்தல் வேண்டும்? தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ, அன்றி ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன அவ்விதிகள். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்றும் ஓர் ஒட்டு உண்டு. உணவுப் பொதிகளுக்கென 2020இல் வகுக்கப்பெற்ற ஒழுங்குவிதிகளும் இவ்வாறே கூறுகின்றன. இதன் பொருள் என்ன? தமிழ்நாட்டில் விளைந்து, தமிழ்நாட்டில் பொதியப்பெற்று, தமிழ்நாட்டிலேயே விற்கப்பெறும் பொருளில் தமிழ் மட்டும் இருப்பின் அது குற்றம். தமிழே இல்லாதிருப்பின் அது குற்றமன்று! தமிழுக்குக் கிடைத்திருப்பது இசைவு. பிற இரண்டிற்கும் கிடைத்திருப்பது கட்டாயம். இசைவு வேறு, உரிமை வேறு என்பதை மறத்தல் ஆகாது.

இத்தனை மொழிகளில் அச்சிடல் இயலுமா என்று வினவுவார் உளர். இயலும் என்பதற்கு இந்நாட்டுச் சட்டமே சான்று. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றொடு, அப்பொதி விற்கப்பெறும் வட்டாரத்தில் வழங்கும் மொழி ஒன்றிரண்டிலும் குறிப்புகளை அச்சிடல் வேண்டும் என்கின்றன. பயிர்மேல் தெளிக்கும் நஞ்சிற்கு உழவன் மொழி வேண்டுமெனின், அவன் பிள்ளை உண்ணும் உணவிற்கு அம்மொழி வேண்டாவா?

அயல்நாடுகளையும் நோக்குக. கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலம் 1977இல் பிரெஞ்சுமொழிச் சட்டத்தை இயற்றிற்று. பொருளின்மேலும், அதன் கொள்கலத்தின்மேலும், உறையின்மேலும் உள்ள எழுத்துகள் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும். பிறமொழி உடனிருக்கலாம், ஆனால் பிரெஞ்சினும் மேலோங்கித் தோன்றுதல் கூடாது என்பது அதன் 51ஆம் பிரிவு. அது தனிநாடன்று, ஒரு மாநிலமே. ஐரோப்பிய ஒன்றியமும் 2011இல் இயற்றிய உணவுச்செய்தி ஒழுங்குவிதியில், பொருள் விற்கப்பெறும் நாட்டில் வாங்குவோர் எளிதில் உணரும் மொழியில் குறிப்புகள் இருத்தல் வேண்டும் என்று வகுத்துள்ளது. வாங்குவோன் மொழியே அங்கு அளவுகோல். ஆள்வோன் மொழி அன்று.

எனவே, செய்யத் தக்கன இரண்டு. விற்கப்பெறும் மாநிலத்தின் ஆட்சிமொழியும் உறைமேல் கட்டாயம் இடம்பெறுமாறு நடுவணரசு விதியைத் திருத்துதல் வேண்டும். அதனைத் தமிழ்நாட்டரசு அழுத்தமாகக் கேட்டல் வேண்டும். இது முதற்கடன்.

மற்றொன்று தமிழ் வணிகர் கடன். கூடுதலாகத் தமிழைப் பொறிக்க இன்றே தடையில்லை. அங்ஙனமிருந்தும், மாவும் ஊறுகாயும் அப்பளமும் பொதிந்து விற்கும் தமிழருள் எத்துணைப் பேர் அதனைச் செய்கின்றனர்? பொருளின் பெயரைப் பெரிய தமிழெழுத்தில் ஒப்பனையாக இட்டுவிட்டு, காலக்கெடுவையும் கலவையையும் ஆங்கிலத்தில் ஒளிப்பது தமிழ்ப்பற்று ஆகாது. தில்லியைக் குறைகூறுமுன் தம் உறையைத் தாமே திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. ஒவ்வொரு பொதியிலும் குறை கூறுதற்கு முகவரி தரப்பட்டுள்ளது. "தமிழில் ஏன் இல்லை?" என்னும் ஒரு வரி நாள்தோறும் அம்முகவரிக்குச் செல்லட்டும். விலை கொடுப்பவர் தமிழர் எனின், விளக்கமும் தமிழில் வருதலே முறை!