ஒரு பெட்டிக்குள் மூன்று வலைகள்

ஓரளவு பெரிய துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி, அதில் பச்சை விளக்குகள், கீழே சிக்குப் பிடித்த கேபிள்கள். அதுதான் நெட்வொர்க் சுவிட்ச். பில் போடும் கணினி, கண்காணிப்புக் கேமரா, வாடிக்கையாளருக்கு இலவசமாகத் தரும் வைஃபை எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கிவந்து அப்படியே மாட்டிவிட்டால் சுவிட்ச் எல்லாக் கருவிகளையும் ஒரே வலையில் வைத்துக்கொள்ளும். ஒரு கணினி இன்னொன்றைத் தேடும்போது, "இந்த எண்ணுக்கு உரியவர் யார்?" என்று சந்தைக்கடையில் கூவுவதுபோல் கூவும். அந்தக் குரல் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். இரைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தைப் பொறுக்க முடியாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. அவற்றை ஏவி அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டித்தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர் உட்படப் பல தளங்கள் திணறின. அந்த மாதிரிக் கேமராவும் கடையின் கணக்கும் ஒரே வலையில் இருக்கலாமா?

ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வாங்கலாம்தான். ஆனால் மேலாண்மை வசதியுள்ள சுவிட்ச் ஒன்று இருந்தால், அதையே உள்ளுக்குள் பிரித்துவிடலாம். பில்லிங்குக்கு 10, கேமராவுக்கு 20, வாடிக்கையாளர் வைஃபைக்கு 30 என்று எண் கொடுத்து, எந்தப் போர்ட் எந்த எண்ணில் என்று சொல்லிவிட்டால் போதும். இதுதான் வி-லேன். 802.1க்யூ என்ற பொதுத் தரம் 1998இல் வந்தது. அதன்படி, மாடிக்குப் போகும் ஒரே கேபிளில் மூன்று வலைகளும் கலந்து போனாலும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு அடையாளம் ஒட்டியிருக்கும். அதைத்தான் டேக் என்கிறோம். எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 12 பிட். முதலையும் கடைசியையும் தள்ளினால் 4094 வலைகள். துணிக்கடைக்கு இது தாராளம்.

கோளாறு வருவது வேறு இடத்தில். பிரவுசர் வழியாக அமைக்கும் விலை மலிவான சுவிட்சுகளில் இரண்டு பக்கங்கள் இருக்கும். ஒன்றில், கேமரா மாட்டிய 7ஆம் போர்ட் 20ஆம் வலையில் உறுப்பினர் என்று டிக் போடுவோம். அது வெளியே போகும் தகவலுக்கு மட்டும்தான். உள்ளே வரும் தகவலை எந்த வலையில் சேர்ப்பது என்பதைப் பிவிஐடி என்ற இன்னொரு பக்கத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேமரா அனுப்புவதெல்லாம், பிரிப்பதற்கு முன் எல்லாக் கருவிகளும் இருந்த பழைய 1ஆம் வலைக்கே போகும். படம் வராமல் போனால்கூட நல்லதுதான், உடனே தெரிந்துவிடும். சில சுவிட்சுகளில் அந்தப் போர்ட் 1ஆம் வலையிலும் நீடிப்பதால் படம் ஜோராக வரும். திரையில் சுவர் இருக்கும், உள்ளே சுவரே இருக்காது. என்னைக் கேட்டால் இதுதான் மோசமான பிழை.

சிஸ்கோ சுவிட்சில் வேறொரு பொறி. மாடிக்குப் போகும் டிரங்க் இணைப்பில் புதிதாக ஒரு வலையைச் சேர்க்கும்போது, கட்டளையில் 'ஆட்' என்பதைத் தட்ட மறந்தால், இருந்த பட்டியல் அழிந்து புதியது மட்டும் நிற்கும். மாடி முழுக்க இணைப்பு போய்விடும். அந்தக் கேபிள் வழியாகவே வேலை செய்துகொண்டிருந்தால் நீங்களும் வெளியே! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் வேலையைத் தொடங்குமுன், 10 நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி சுவிட்சுக்குச் சொல்லிவைப்பார்கள். தவறு நடந்தால், கடைசியாகச் சேமித்த அமைப்புடன் அது எழுந்துவரும். எல்லாம் சரியாக வந்தால் அந்த மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள்.

மூன்று வலைகளையும் ரவுட்டரோடு இணைத்தபின் அங்கே தடைவிதி எழுதாவிட்டால், பிரித்ததெல்லாம் வீண். பல ரவுட்டர்கள் யாரையும் தடுக்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவிடும். சோதிப்பது எளிது. கேமராவைக் கழற்றி, அந்தக் கேபிளில் ஒரு லேப்டாப்பை மாட்டுங்கள். முதலில் எந்த வலையின் முகவரி கிடைக்கிறது என்று பாருங்கள். பிறகு பில் பிரிண்டருக்குப் பிங், அதாவது பதில் கேட்கும் ஒரு சிறு செய்தி, அனுப்புங்கள். பதில் வந்தால் சுவர் இல்லை என்று அர்த்தம். பில் கணினிக்கு அனுப்பாதீர்கள். விண்டோஸின் ஃபயர்வால் பெரும்பாலும் பிங்குக்கு வாய் திறக்காது, அந்த மௌனத்தைச் சுவர் என்று நம்பிவிடுவோம்.